கூப்பிய கை, விரித்த கை: சமயக் கலையில் வணங்கும் கைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் தூணிலோ தேவாலயச் சுவரிலோ அருங்காட்சியகத்திலோ ஓர் உருவத்தைக் கண்டால் நம் கண் முதலில் முகத்துக்குப் போகிறது. என் பழக்கம் வேறு. முதலில் கையைப் பார்ப்பேன். அந்தக் கை எங்கே நிற்கிறது, யாரை நோக்கி நிற்கிறது என்பது தெரிந்துவிட்டால் அந்தச் சிற்பத்தின் பாதிக் கதை தெரிந்துவிடும். இதில் ஆர்வம் உள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வணங்கும் கை என்றாலே கூப்பிய கைதானே?

அல்ல. உள்ளங்கைகளைச் சேர்த்து வைப்பது பல வடிவங்களில் ஒன்றுதான். எகிப்தியர் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் உயர்த்தி, உள்ளங்கையைத் தெய்வத்தின் பக்கம் திருப்பினார்கள். சுமேரியர் மார்புக்கு முன் ஒரு கையை மற்றொரு கையால் பற்றிக்கொண்டார்கள். முதல் நூற்றாண்டுகளின் கிறித்தவர்கள் இரு புறமும் கைகளை விரித்தார்கள். பாரசீக, முகலாய நுண்ணோவியங்களில் துஆ (இறைவனிடம் வேண்டுதல்) கேட்பவர் எதையோ வாங்கிக்கொள்வதுபோல் உள்ளங்கைகளை ஏந்தியிருப்பார். ஐரோப்பிய ஓவியங்களில் மார்பின் மேல் குறுக்காக வைத்த கைகளும் உண்டு.

தமிழில் இதற்கான சொற்களே நன்றாக வழிகாட்டுகின்றன. 'வணங்கு' என்றால் வளைதல். வில் வளைவதையும் வள்ளுவர் 'வில்வணக்கம்' என்றுதான் சொல்கிறார். ஆகவே வணக்கம் முதலில் முதுகுக்கும் கழுத்துக்கும் உரிய சொல். கை பிறகு வருகிறது. கைக்கு உரியவை 'கூப்பு', 'குவி' என்பவை. மாலையில் தாமரை குவிகிறது என்பதும் கை குவிகிறது என்பதும் ஒரே வினைச்சொல்தான். வடமொழி 'அஞ்சலி' என்பதற்கும் குவித்த கை என்றே பொருள். இரண்டு கை கொள்ளும் அளவையும் அது குறிக்கும். மூன்று சொற்களும் உள்ளே கொஞ்சம் இடம் இருக்கும் கையைச் சொல்கின்றன. சப்பையாக ஒட்டிய இரண்டு பலகைகளை அவை சொல்லவில்லை. நல்ல சிற்பிகள் இதை அறிந்திருந்தார்கள். எங்கே அறியவில்லையோ அங்கே கை மரக்கட்டையாக இருக்கும்.

நமக்குக் கிடைத்துள்ளவற்றில் மிகப் பழையவை எவை?

ஆட்களாகவே நம் முன் வந்து நிற்பவை என்றால் மெசொப்பொத்தேமியாவின் வழிபாட்டாளர் சிலைகளைச் சொல்வேன். இன்றைய இராக்கில் உள்ள டெல் அஸ்மார் என்னும் இடத்தில் 1930களில் நடந்த அகழாய்வில், ஒரு கோயில் தளத்தின் அடியில் புதைக்கப்பட்டிருந்த 12 சிலைகள் கிடைத்தன. ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கும் முந்தியவை. மிக உயரமானதே 72 செ.மீ. அளவுதான். கைகள் மார்புக்கு முன் கோத்திருக்கின்றன. சில சிறு கிண்ணத்தைப் பற்றியிருக்கின்றன. ஆனால் எவரையும் நிறுத்துபவை கண்கள். முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை; இமைக்காமல் விழித்திருப்பவை.

அவை ஏன் அங்கே வைக்கப்பட்டன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பக்தர் தம் வேலைக்குப் போய்விடுவார். அவருக்குப் பதிலாகச் சிலை தெய்வத்தின் முன் ஓயாமல் நின்றுகொண்டிருக்கும். லகாஷ் நகரத்தை ஆண்ட குதேயாவின் கருங்கற் சிலைகளிலும் கைகள் அப்படியே கோத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கல்வெட்டில் குதேயா தம் சிலையையே விளித்து, தெய்வத்திடம் போய்ச் சொல் என்று செய்தி கொடுத்து அனுப்புகிறார். வணங்கும் கையைக் கல்லில் செதுக்க வேண்டிய தேவை எதிலிருந்து பிறந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. மனிதக் கை களைத்துப் போகும், கல் களைக்காது.

எகிப்தில் வணங்கும் கை எழுத்தாகவே ஆகிவிட்டது. கைகளை முன்னே உயர்த்தி நிற்கும் மனிதன் துதியைக் குறிக்கும் சித்திர எழுத்து. அரசன் அக்கநாத்தன் காலத்துப் புடைப்புச் சிற்பங்களில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அரசனும் அரசி நெஃபர்டீட்டியும் சூரிய வட்டை நோக்கிக் கைகளை உயர்த்துகிறார்கள். சூரியனிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கதிரும் ஒரு சிறு கையாக முடிகிறது. கீழிருந்து போகும் கையும் மேலிருந்து வரும் கையும் ஒரே பலகையில்.

பழைய கிறித்தவ ஓவியங்களில் ஏன் கைகள் விரிந்திருக்கின்றன? கூப்பிய கை எப்போது வந்தது?

நின்றபடி, முழங்கையை மடக்கி, இரு கைகளையும் பக்கவாட்டில் உயர்த்தி உள்ளங்கை தெரிய நிற்பது கிறித்தவத்துக்கு முன்பே மத்தியதரைக் கடல் பகுதியில் இருந்த வழக்கம். இந்த உருவத்தை 'ஒரான்ஸ்' என்பார்கள். இலத்தீனில் வேண்டுபவர் என்று பொருள். உரோமில் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில் 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முக்காடிட்ட பெண் ஒருத்தியின் ஓவியம் இப்படி இருக்கிறது. கண்கள் மேல் நோக்க, கைகள் அகல விரிய நிற்கும் அந்த உருவத்தில் அச்சத்தின் சாயலே இல்லை.

கிறித்தவர்கள் இந்தப் பழைய வடிவத்துக்குப் புதிய பொருள் கொடுத்தார்கள். விரித்த கை சிலுவையில் அறையப்பட்டவரின் கை என்று தெர்த்துல்லியன் போன்ற தொடக்க கால எழுத்தாளர்கள் விளக்கினார்கள். விவிலியத்தின் யாத்திராகமத்தில் மோசே கைகளை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேலர் வென்றார்கள், கை தளர்ந்தபோது தோற்றார்கள். ஆரோனும் ஊர் என்பவரும் இருபுறமும் நின்று அவர் கைகளைத் தாங்கிப் பிடித்தார்கள் என்று ஒரு கதை வருகிறது. ஓவியர்கள் அதை விரும்பி வரைந்ததில் வியப்பில்லை. வேண்டுதல் உடலுக்கு வலிக்கும் வேலை என்பதை நேராகச் சொல்லும் கதை அது.

கீழைத் திருச்சபை இந்தக் கையை விடவே இல்லை. கீவ் நகரின் புனித சோபியா பேராலயத்தில் 11ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிச் சில்லு ஓவியத்தில், 5 மீட்டருக்கும் மேல் உயரமான அன்னை மரியாள் இன்றும் கைகளை உயர்த்தி நிற்கிறாள்.

மேற்கு ஐரோப்பாவில் கதை மாறியது. அங்கே நிலமானிய முறையில் ஒருவன் ஒரு பிரபுவுக்கு ஆளாகும்போது மண்டியிட்டுத் தன் இரு கைகளையும் சேர்த்து நீட்டுவான். பிரபு அவற்றைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொள்வார். 'நான் உன் ஆள்' என்ற உறுதிமொழி அது. அதே கை மெல்லக் கடவுளின் முன்னும் வந்தது என்பதுதான் கலை வரலாற்றாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். 12, 13ஆம் நூற்றாண்டுகளுக்குப் பிறகு மண்டியிட்டுக் கைகூப்பும் உருவம் ஓவியங்களில் பெருகிவிடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கைகளைப் பொதிந்துகொள்ள வேண்டிய வேறு இரண்டு கைகளை என் கண் தேடும். ஓவியத்தில் அவை இருக்காது.

ஜெர்மானிய ஓவியர் டியூரரின் 'பிரார்த்திக்கும் கைகள்' ஓவியத்துக்குப் பின்னால் உள்ள தியாகக் கதை உண்மையா?

உண்மை அல்ல. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கதை பலருக்குப் பிடித்தது. 18 பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு சகோதரர்கள் ஓவியராக ஆசைப்பட்டார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து ஒருவன் சுரங்க வேலைக்குப் போய் மற்றவனைப் படிக்க வைத்தான். படித்து முடித்தவன் திரும்பி வந்தபோது சுரங்கம் போனவனின் விரல்கள் தூரிகை பிடிக்க முடியாதபடி சிதைந்திருந்தன. அந்தக் கைகளையே ஓவியனானவன் வரைந்தான் என்று அது போகும்.

டியூரரின் தந்தைக்கு 18 பிள்ளைகள் பிறந்தது மட்டும் சரி. தந்தை நியூரம்பர்க்கில் பொற்கொல்லர். மகன் முதலில் அவரிடமே தொழில் கற்றான். 1486இல், 15 வயதில், ஊரின் பெரிய ஓவியர் ஒருவரின் பட்டறையில் சேர்ந்தான். சுரங்கத்துக்குப் போன சகோதரனுக்கு எந்த ஆவணமும் இல்லை. கைகளையே பாருங்கள்: நீண்ட, மெலிந்த, நரம்பு தெரியும் விரல்கள். கல் உடைத்துச் சிதைந்த விரல்கள் இப்படி இருக்காது.

நடந்தது எளிய செய்தி. பிராங்க்பர்ட் நகர வணிகர் யாக்கோப் ஹெல்லர் தேவாலயப் பலிபீடத்துக்கு ஒரு பீட ஓவியம் கேட்டிருந்தார். அதில் வரும் திருத்தூதர் ஒருவரின் கைகளுக்காக 1508இல் டியூரர் செய்த முன்வரைவு இது. நீல வண்ணம் பூசிய தாளில், தூரிகையால், சாம்பலும் வெள்ளையும் கொண்டு தீட்டியது. பெரும் ஓவியத்தின் நடுப் பலகை 1729இல் தீயில் எரிந்துபோயிற்று. பட்டறைத் தாள் பிழைத்து இன்று வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கதையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் ஓவியம் தெரிகிறது என்பது என் எண்ணம். மடித்துவிட்ட சட்டைக் கை. ஒன்றையொன்று அழுத்தாமல் தொடும் விரல் நுனிகள். உள்ளங்கைகளுக்கு நடுவே இருட்டு. பெரிய ஓவியத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருவரின் கைக்காக ஒரு மனிதர் இத்தனை நேரம் செலவிட்டிருக்கிறார். அந்தப் பொறுமைக்குச் சுரங்கக் கதை எதையும் சேர்த்துவிடவில்லை.

கூப்பிய கை தலைக்கு மேல், முகத்துக்கு நேர், மார்புக்கு நேர் என்று வேறுபடுவது ஏன்?

நாட்டிய சாத்திரம் இரட்டைக் கைகளில் 13 வகை சொல்கிறது, முதலாவது அஞ்சலி. தெய்வத்துக்குத் தலைமேல், பெரியோருக்கு முகத்துக்கு நேர், நண்பருக்கு மார்புக்கு நேர் என்பது அதன் பங்கீடு. தமிழ்க் கூத்து மரபும் இணைக்கை வரிசையை அஞ்சலியிலிருந்தே தொடங்குகிறது.

ஆனால் இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு சிற்பங்களை அளக்கப் போனால் ஏமாற்றமே கிடைக்கும். தெய்வத்தின் முன்னே நிற்கும் எத்தனையோ செப்புத் திருமேனிகளில் கை மார்புக்கு நேராகத்தான் இருக்கிறது. தலைக்கு மேல் தூக்கிய கை முகத்தை மறைக்கும், உலோக வார்ப்பில் எளிதில் வளையும், தூணில் கீழிருந்து பார்ப்பவருக்கு முழங்கை மட்டுமே தெரியும். ஆடுபவர் கையைத் தூக்கிவிட்டு இறக்கிவிடலாம். சிற்பிக்கு அந்த வசதி இல்லை. நூலுக்கும் உளிக்கும் இடையே இப்படிப் பல உடன்படிக்கைகள் உண்டு.

உயர்த்திய ஒற்றைக் கையும் வணக்கம்தானா?

பெரும்பாலும் எதிர்த்திசை. உள்ளங்கை நம்மைப் பார்க்க உயர்ந்திருக்கும் ஒற்றைக் கை அபயம், 'அஞ்சாதே' என்று தெய்வம் தரும் சொல். கீழ்நோக்கி விரிந்தால் வரதம், கொடுக்கும் கை. இரண்டும் வழிபடப்படுபவரின் கைகள். யூதக் கல்லறைக் கற்களில் விரல்கள் நடுவே பிரிந்த இரண்டு கைகள் செதுக்கியிருப்பதையும் பிரார்த்தனை என்றே பலர் எண்ணுகிறார்கள். அது ஆரோன் வழிவந்த குருமார் ஆசி கூறும் கை.

யார் வணங்குபவர், யார் வணங்கப்படுபவர் என்ற குழப்பத்தைக் கை ஒன்றே தீர்த்துவைக்கும் அழகான இடம் அதிகார நந்தி. நான்கு கைகள், பின்கைகளில் மழுவும் மானும், சடைமுடி. பார்த்தவுடன் சிவன் என்றே தோன்றும். முன்கைகள் கூப்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். கூப்பியிருந்தால் அது நந்தி. இறைவனின் உருவம் முழுவதையும் பெற்றுவிட்டவர் அந்த இரண்டு கைகளை மட்டும் அடியாராகவே வைத்துக்கொண்டிருக்கிறார்.

தெய்வமே கைகூப்பி நிற்பது உண்டா?

உண்டு. பௌத்தத்தில் இது மிக வளமான பகுதி. ஞானம் பெற்ற புத்தர் கைகூப்பியிருப்பது அரிது. அவருக்கு மேலே வணங்க எவரும் இல்லை. உலகுக்காகக் காத்திருக்கும் போதிசத்துவர்கள் கைகூப்புவார்கள். நான்கு கை அவலோகிதேசுவரரின் முன்கைகள் மார்புக்கு நேரே குவிந்திருக்கும், அந்தக் குவிவுக்குள் ஒரு மணி (இரத்தினம்) இருக்கும். கூப்பிய கைக்குள் ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்ற கேள்விக்கு அந்தச் சிற்பிகள் கொடுத்த பதில் அந்த மணி.

கியோத்தோவின் சன்ஜூசங்கென்தோ மண்டபத்தில் ஆயிரங்கை கன்னோன் (அவலோகிதேசுவரரின் ஜப்பானியப் பெயர்) சிலைகள் 1001 வரிசையாக நிற்கின்றன. நடுவே அமர்ந்திருக்கும் பெரிய சிலை 1254இல் தன்கெய் என்ற சிற்பி முடித்தது. ஒவ்வொன்றுக்கும் பல கைகள், பலவற்றில் கருவிகள். எல்லாவற்றுக்கும் நடுவே, மார்புக்கு முன், இரண்டு கைகள் மட்டும் வெறுமையாகக் குவிந்திருக்கும். உதவி செய்யப் புறப்பட்ட கைகளுக்கு நடுவில் வேண்டிக்கொள்ளும் கை.

நாராவின் கோஃபுகு கோயிலில் 734இல் செய்யப்பட்ட அசுரர் சிலையும் இப்படித்தான். மூன்று முகம், ஆறு கை, மெலிந்த சிறுவன்போல் உடல். போருக்குப் பேர்போன அசுரன். முன்கைகள் கூப்பியிருக்க, புருவங்கள் சற்றே நெரிந்திருக்கின்றன. கூப்பிய கையும் நெரிந்த புருவமும் சேரும்போது உருவாகும் அந்த முகபாவத்துக்கு என்னிடம் சொல் இல்லை.

நாயன்மார் சிலைகளில் எல்லோரும் கைகூப்பி நிற்பார்களா?

நிறையப் பேர் நிற்பார்கள். நால்வரை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெரியும். குழந்தைச் சம்பந்தரின் விரல் மேலே சுட்டுகிறது. மாணிக்கவாசகரின் கையில் ஓலைச்சுவடி. கைகூப்பி நிற்பவராக நம் மனத்தில் பதிந்தவர் அப்பர்; கூப்பிய கைகளோடு, தோளில் சாய்ந்த உழவாரம். கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய கருவி அது. உழைத்த கையும் தொழுத கையும் ஒரே கை என்பது அவர் திருமேனியில் சொல்லாமல் தெரிகிறது.

அவருடைய திருஅங்கமாலைப் பதிகத்தில் தலையே வணங்கு, கண்களே காணுங்கள் என்று உறுப்பு உறுப்பாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டு வருவார். கைகளின் முறை வரும்போது 'கைகாள் கூப்பித் தொழீர்' என்கிறார். தம் கையைத் தாமே அழைத்துப் பேசியவரை வார்க்க வேண்டியிருந்தபோது சிற்பிகளுக்கு வேறு எந்தக் கையும் தோன்றியிருக்க முடியாது.

காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். எலும்பும் தோலுமாக அமர்ந்து தாளம் தட்டுகிறார். கை கூப்பவில்லை. ஆனால் அதை வணக்கம் இல்லை என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

பொய்யான வணக்கத்தைச் சிற்பிகள் காட்டியிருக்கிறார்களா?

காட்டியிருக்கிறார்கள், அதுவும் மிகப் பெரிய அளவில். மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் பாறைச் சிற்பத்தில் விலா எலும்பு தெரியும் தவசி ஒருவர் ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தியிருக்கிறார். அருச்சுனன் என்பார்கள், பகீரதன் என்பார்கள். அந்த வழக்கு இருக்கட்டும். பாறையின் நடுப் பிளவில் நாகர்கள் கைகூப்பி மேலெழுகிறார்கள். கீழே, யானையின் பக்கத்தில், ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறது. தவசியின் அதே நிலை. அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நடமாடுகின்றன.

'தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்' என்று வள்ளுவர் கூடா நட்பில் எச்சரிப்பது இதைத்தான். இடைவெளி உள்ள கைக்குள் மணியும் இருக்கலாம், கத்தியும் இருக்கலாம். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. உண்மையான தவத்தைச் செதுக்கிய அதே கைகள் அதே பாறையில் போலியையும் செதுக்கின. பக்தியைப் பாடும் சிற்பத்துக்குள்ளேயே இந்த எச்சரிக்கைக்கு இடம் கொடுக்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது.

அரசர்களும் பணம் கொடுத்தவர்களும் ஏன் தங்களையே கைகூப்பியவர்களாகச் செய்துகொண்டார்கள்?

கல்லில் நிலைக்க வேண்டும் என்ற ஆசையும் அடியார் என்று அறியப்பட வேண்டும் என்ற ஆசையும் ஒருங்கே நிறைவேற வேறு வழி இல்லை. திருமலையில் கிருஷ்ணதேவராயரும் இரண்டு தேவியரும் கைகூப்பி நிற்கிறார்கள். மதுரைப் புதுமண்டபத் தூண்களில் நாயக்க மன்னர்கள். 1432இல் முடிந்த, பெல்ஜியத்தின் கெண்ட் நகரப் பீட ஓவியத்தின் வெளிக்கதவுகளில் அதற்குப் பணம் கொடுத்த கணவனும் மனைவியும் மண்டியிட்டிருக்கிறார்கள். யான் வான் ஐக் அந்த முதியவரின் வழுக்கைத் தலையையும் முகத்து மருவையும்கூட விடாமல் தீட்டியிருக்கிறார். தற்பெருமை என்று இதை ஒதுக்கிவிடுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. குதேயாவின் சிலை செய்த வேலையைத்தான் இவையும் செய்கின்றன.

கைகள் உடைந்துபோன சிலையில் வணக்கத்தை எப்படிக் கண்டறிவது?

உடலிலிருந்து விலகி நீண்டிருக்கும் மெல்லிய பகுதி முதலில் உடையும். ஆகவே உலகெங்கும் வணங்கும் கைகளே அதிகம் தொலைந்திருக்கின்றன. தோளைப் பாருங்கள், கழுத்தைப் பாருங்கள், மார்பில் ஒட்டிக்கொண்டிருந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். கம்போடிய அரசர் ஏழாம் ஜயவர்மரின் உருவம் என்று கருதப்படும் சிலை புனோம்பென் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு கைகளும் உடைந்த நிலையில் கிடைத்தது. தலை சற்றே தாழ்ந்து, கண்கள் மூடி, முதுகு லேசாக முன்னே சாய்ந்திருக்கிறது. கை இருந்திருந்தால்கூட இதற்கு மேல் சொல்லியிருக்குமா என்று தெரியவில்லை.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. பெர்லினில் 'பிரார்த்திக்கும் சிறுவன்' என்று பெயர்பெற்ற கிரேக்க வெண்கலச் சிலை இருக்கிறது. ரோட்ஸ் தீவிலிருந்து வந்தது, சுமார் கி.மு. 300. வானை நோக்கி உயர்ந்த அதன் கைகள் 17ஆம் நூற்றாண்டில் பொருத்தப்பட்டவை. முதலில் இருந்த கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பது திறந்த கேள்வி. புதுக் கை வைத்ததும் பெயரும் அதனோடு நிலைத்துவிட்டது.

வணங்கப்படுபவர் படத்தில் இல்லாமலே வணக்கத்தைக் காட்ட முடியுமா?

இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. பர்குத், சாஞ்சி, அமராவதி ஆகிய பழைய பௌத்தச் சிற்பங்கள் பலவற்றில் புத்தர் மனித உருவில் இல்லை. போதி மரம் இருக்கிறது, காலியான ஆசனம் இருக்கிறது, இரண்டு பாதச் சுவடுகள் இருக்கின்றன. சுற்றிலும் குவிந்த கைகள். அமராவதியின் பலகை ஒன்றில் பெண்கள் அந்தப் பாதங்களின் முன் உடலையே வில்லாக வளைத்துக் கவிழ்ந்திருக்கிறார்கள். கைகளை நீக்கிவிட்டால் அது வெறும் நாற்காலி. கைகள் இருப்பதால் அங்கே ஒருவர் அமர்ந்திருக்கிறார்.

இசுலாமியக் கலை மறுமுனையிலிருந்து அதே இடத்துக்கு வருகிறது. பள்ளிவாசலில் உருவமே இல்லை, வணங்குபவரும் இல்லை. திசையைக் காட்டும் மிஃராப் மாடம் மட்டும் இருக்கிறது. தொழுகை விரிப்பில் அதே வளைவு நெய்யப்பட்டிருக்கும். காக்கேசியப் பகுதியின் சில விரிப்புகளில் வளைவின் இரு பக்கமும் இரண்டு கை வடிவங்களை நெய்திருப்பார்கள், தொழுபவர் குனிந்து கை ஊன்ற வேண்டிய இடத்தில். நெய்த கை காத்திருக்கிறது. உயிருள்ள கை வந்து அதன்மேல் அமரும்போதுதான் அந்தக் கலைப்படைப்பு முழுமை அடைகிறது.

செல்பேசியில் வரும் கூப்பிய கைக் குறி பிரார்த்தனையா, இரண்டு பேர் கைதட்டிக்கொள்வதா?

கூப்பிய கைதான். 2010இல் யூனிகோடு தரத்தில் சேர்ந்தபோது கொடுக்கப்பட்ட பெயரே 'கைகூப்பிய ஆள்' என்று பொருள்படும். ஜப்பானியச் செல்பேசிகளிலிருந்து வந்தது. அங்கே வேண்டுகோளுக்கும் நன்றிக்கும் அதையே அனுப்புவார்கள்.

வரையவோ செதுக்கவோ கற்பவர்களுக்கு எங்கே தவறு நேர்கிறது?

இரண்டு கைகளையும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒன்றாக வரைவதில். கூப்பிப் பாருங்கள்: ஒரு கட்டைவிரல் மற்றதன்மேல் சற்று ஏறியிருக்கும், ஒரு மணிக்கட்டு தாழ்ந்திருக்கும். இரண்டாவது தவறு அழுத்தம். விரல்கள் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினால் அது மன்றாட்டு. நுனிகள் தொட்டும் தொடாமலும் இருந்தால் அமைதி. எதைக் காட்டப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கல்லில் வேலை செய்பவர் முன்கைக்கும் மார்புக்கும் நடுவே கொஞ்சம் கல்லை விட்டுவைப்பார், உடையாமல் இருக்க. அதைக் குறை என்று எண்ண வேண்டாம்.

பிரெஞ்சுச் சிற்பி ரோதின் 1908இல் செய்த 'கதீட்ரல்' சிற்பத்தையும் பார்த்துவிடுங்கள். ஒருவரையொருவர் நெருங்கி வளைந்து எழும் இரண்டு கைகள். கூர்ந்து பார்த்தால் இரண்டுமே வலக்கை. இரண்டு வேறு மனிதர்கள். கோபுர வளைவுபோல் அவற்றுக்கு இடையே நிற்கும் வெற்றிடத்துக்குத்தான் அந்தப் பெயர்.

ஒரே ஒரு சிற்பத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

கங்கைகொண்ட சோழபுரத்தில், முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கோயிலின் வடக்கு வாயில் அருகே இருக்கும் சண்டேசுவர அனுக்கிரக மூர்த்தி. பூசைக்கு வைத்த பாலைக் காலால் இடறிய தந்தையின் காலை வெட்டியவர் சண்டேசர். செய்ததன் கனம் தெரிந்த முகத்தோடு சிவனின் காலடியில் தலை தாழ்த்தி, கைகூப்பி அமர்ந்திருக்கிறார். வெட்டிய கையும் இதுதான், கூப்பிய கையும் இதுதான்.

சிவனின் பக்கம் பாருங்கள். பின்கைகளில் வழக்கம்போல் மழுவும் மானும். முன்கைகளில் அபயம் இல்லை, வரதம் இல்லை. இரண்டும் வேலையில் இருக்கின்றன: கொன்றை மாலையை எடுத்து, ஒரு தந்தை குழந்தைக்குத் தலைப்பாகை கட்டுவதுபோல், அந்தத் தலையைச் சுற்றி வளைத்துக் கட்டிக்கொண்டிருக்கின்றன. மாலையின் கடைசிச் சுற்று இன்னும் முடியவில்லை.